திறன்பேசியின் திரை அளவும் தடிமனும்

திறன்பேசியின் திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், உடல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது 2007 முதல் தீராத வழக்கு. திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து அங்குலத்தில் சொல்கிறார்கள். கடைப்பேச்சில் அது 'இன்ச்'. தடிமன் மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது. பின்புறம் துருத்தி நிற்கும் கேமரா மேடு பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பெரிய திரை படிக்கவும் படம் பார்க்கவும் உதவும், கைக்குள் அடங்காது. மெல்லிய உடல் சட்டைப்பைக்குச் சுகம், பேட்டரிக்கு இடம் தராது. இந்த இரண்டு இழுபறிகளும் எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் தமிழில் படித்துத் தமிழில் தட்டச்சு செய்பவருக்கும், வெயிலிலும் தூசியிலும் வேலை பார்ப்பவருக்கும் இவற்றின் எடை வேறு. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்தைப் போன்ற ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும்.

வழக்கின் வரலாறு

ஆப்பிள் 2007இல் வெளியிட்ட முதல் ஐஃபோனின் திரை 3.5 அங்குலம், தடிமன் 11.6 மி.மீ. கட்டைவிரல் திரையின் எல்லா மூலைகளையும் தொட வேண்டும் என்பது அதன் இலக்கணம். கைக்குள் அடங்காத பெரிய போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஜூலையில் செய்தியாளர்களிடம் உறுதியாகச் சொன்னார். அடுத்த ஆண்டே சாம்சங் 5.3 அங்குலத் திரையுடன் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆப்பிளும் 2012இல் 4 அங்குலத்துக்கும், 2014இல் 4.7, 5.5 அங்குலங்களுக்கும் நகர்ந்தது. சிறிய போன் கேட்டவர்களுக்காக 2020இல் வந்த 5.4 அங்குல ஐஃபோன் 12 மினியும், அடுத்த ஆண்டு வந்த 13 மினியும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அந்த வரிசை அதோடு நின்றது.

இதை வைத்துச் சிறிய போனுக்கு ஆதரவே இல்லை என்று தீர்ப்பெழுதுவது சரியல்ல. ஆய்வாளர் ஸ்டீவன் ஹூபர் 2013இல் பொது இடங்களில் 1,333 பேரைக் கவனித்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்து இயக்கினர். அதே ஆண்டு சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி, பெரிய போன்கள் ஆண்களின் கையளவைப் பொதுவளவாகக் கொண்டு செய்யப்படுகின்றன என்று எழுதினார். கண்ணீர்ப்புகைக்கு நடுவே தன்னால் ஒரு கையால் படமெடுக்க முடியவில்லை என்பது அவர் காட்டிய சான்று. அந்தக் குறை இன்றும் தீரவில்லை. பேருந்துக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைப் பார்க்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும்.

அங்குலம் மறைக்கும் அகலம்

விளம்பரங்களில் பெரிதாக வரும் அங்குலக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 2017 வரை திரைகள் பெரும்பாலும் 16:9 என்ற நீள அகல விகிதத்தில் இருந்தன. அதன்பின் 18:9 வந்தது, பிறகு 20:9 பரவலானது. திரை நீண்டுகொண்டே போனது; அகலம் அதற்கு ஈடாக வளரவில்லை. கணக்குப் போட்டால் இது விளங்கும். 16:9 விகிதத்தில் 5.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 68.5 மி.மீ. 20:9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 67.8 மி.மீ. ஓர் அங்குலம் கூடியும் அகலம் இம்மியளவு குறைந்திருக்கிறது. கூடியதெல்லாம் உயரம்: சுமார் 122 மி.மீ.யிலிருந்து 151 மி.மீ.க்கு.

தமிழருக்கு இது சிறிய செய்தி அல்ல. தமிழ் எழுத்துகள் பல அகலமானவை. ணை, னௌ, ஞொ போன்றவை ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகள் இரண்டு மூன்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்கள் சிறிய வரியில் பாதி இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த வரிக்குத் தாவும். ஆகவே ஒரு வரியில் எத்தனை சொல் அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது அகலமே தவிர அங்குலம் அல்ல.

தட்டச்சில் நெருக்கடி இன்னும் கூடுதல். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையின் மேல் வரிசையில் ஆ முதல் ஞ வரை 12 எழுத்துகள் உள்ளன. ஆங்கிலப் பலகையின் மேல் வரிசையில் எழுத்துகள் 10 மட்டுமே. அந்த வரிசையை அப்படியே திரையில் வைத்தால், முதல் ஐஃபோனின் ஏறத்தாழ 49 மி.மீ. அகலத்தில் ஒரு விசைக்குக் கிடைப்பது 4 மி.மீ. சொச்சம், விரல் நுனி பக்கத்து எழுத்தையும் சேர்த்து அமுக்கும். 68 மி.மீ. திரையில் அது 5.7 மி.மீ. ஆகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்தபோது, எண் விசைகளைத் திரும்பத் திரும்ப அமுக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. அங்கிருந்து இன்றைய தமிழ்த் தட்டச்சு வேகத்துக்கு வந்து சேர்ந்ததில் மென்பொருளுக்கு உள்ள பங்கு திரையின் அகலத்துக்கும் உண்டு. பெரிய திரையை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தடிமன்

தடிமனைக் குறைக்கும் போட்டி 2014இல் உச்சம் தொட்டது. ஒப்போ ஆர்5 4.85 மி.மீ.; காதொலிப்பான் துளையை அதற்காகக் கைவிட்டது. விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ. தடிமனில் அந்தத் துளையையும் வைத்துக் காட்டியது. அதே ஆண்டு ஐஃபோன் 6 பிளஸ் சிலருடைய பைக்குள் வளைந்துபோனது உலகச் செய்தியானது. அதைவிடக் கடுமையான பாடம் 2016இல் வந்தது. சாம்சங் கேலக்ஸி நோட் 7இன் பேட்டரிகள் தீப்பிடித்தன; உறைக்குள் பேட்டரியின் மூலைக்குப் போதிய இடமில்லாமல் உள்தகடு வளைந்தது ஒரு காரணம் என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. இந்திய விமானங்களிலும் அந்தப் போனுக்குத் தடை வந்தது. 2025இல் போட்டி மீண்டும் தலைதூக்கியது: கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., ஐஃபோன் ஏர் 5.6 மி.மீ. முன்னதன் பேட்டரி 3,900 மில்லி ஆம்பியர் மணி. ஒப்பிட்டால், 2020இல் வந்த கேலக்ஸி எம்51 9.5 மி.மீ. தடிமனில் 7,000 தந்தது. கிராஃபைட்டோடு சிலிக்கனைக் கலக்கும் புதுவகைப் பேட்டரி வந்தபின் 8 மி.மீ. சுற்றில் 7,000 அடங்குகிறது. மெலிவுக்கான உண்மையான வழி இதுதான். பேட்டரியை வெட்டி மெலிய வைப்பது வழியல்ல.

மடக்கு போன்கள் இரண்டையும் சேர்த்துத் தர முயல்கின்றன. 2025இன் கேலக்ஸி இசட் ஃபோல்ட்7 விரித்தால் 8 அங்குலம், மடித்தால் 8.9 மி.மீ. விலை பெரும்பாலோருக்கு எட்டாது.

நெய்வேலியில் வைத்துப் பார்த்தால்

நெய்வேலி, 1956இல் தொடங்கப்பட்ட இன்றைய என்எல்சி இந்தியா நிறுவனத்தின் நகரியம். திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரி வெட்டி, அதை அனல்மின் நிலையங்களில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். வேலை இரவும் பகலும் ஷிப்டில் நடக்கிறது. வட்டங்களாகப் பிரித்த அகன்ற தெருக்களும் மரநிழலும் உண்டு என்றாலும், அக்னி நட்சத்திரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். தன் போனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிளே சொல்கிறது. அப்படியானால் இங்கே கோடை முழுக்க அந்தப் போன் தனக்கு வகுத்த வரம்பின் விளிம்பில்தான் இயங்கும். மெல்லிய உடலில் வெப்பம் பரவ இடம் குறைவு. செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரை மங்கும். வெயிலில் நிற்பவருக்குத் திரை பளிச்சென்று எரிய வேண்டிய நேரத்தில் அது மங்குவது பெரிய குறை.

மின்சாரம் இன்னொரு சோதனை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, கம்பங்கள் சாய்ந்து இம்மாவட்டத்தின் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்பும் மாவட்டம் அது. அத்தகைய நாட்களில் உறவினரிடம் 'நல்லா இருக்கோம்' என்று சொல்லப் பேட்டரியில் மிச்சம் இருப்பதுதான் முக்கியம், இரண்டு மி.மீ. மெலிவு யாருக்கும் உதவாது.

இந்தத் தேவைகளைச் சரியாகப் புரிந்துகொண்ட கருவி ஒன்று முன்பே இருந்தது. 2003இல் வந்த நோக்கியா 1100 இருபது மி.மீ. தடிமன், 86 கிராம் எடை. தூசி புகாத விசைப்பலகை, கையில் வழுக்காத பக்கங்கள், டார்ச். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் அதே ஊரில் ஃபாக்ஸ்கான் 2019இல் ஐஃபோன் எக்ஸ்ஆர் செய்யத் தொடங்கியது. ஒசூரில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. இத்தனை போன்கள் இங்கே செய்யப்பட்டாலும் அவற்றின் அளவுகளைத் தீர்மானிக்கும் மேசை இங்கே இல்லை.

நெய்வேலியில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது. அவ்வளவு தமிழ் வாசிக்கும் ஊரில் திரையின் அகலம் பற்றிய கேள்வி வீண் கேள்வி அல்ல.

எந்த அளவு பொருந்தும்

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. ஆனால் தமிழில் படித்து எழுதுபவருக்கு, 67 முதல் 70 மி.மீ. வரை திரை அகலம், 200 கிராமுக்குள் எடை, 8 முதல் 9 மி.மீ. தடிமன், 5,000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாத பேட்டரி ஆகியவை நியாயமான எல்லைகள். 5.6 மி.மீ. போனை வாங்குபவர்களில் பலர் அன்றே பின்கவர் போட்டு அதைத் தடிமனாக்கிக்கொள்கிறார்கள். அந்த இடத்தைப் பேட்டரிக்கே கொடுத்திருக்கலாம். சிறிய கை உள்ளவர்களுக்காக 62 மி.மீ. சுற்றில் முழு வசதியோடு ஒரு போனாவது ஒவ்வொரு நிறுவனமும் செய்ய வேண்டும். அங்குலத்தோடு திரையின் அகலத்தையும் எடையையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே போனை ஒரு கையில் பிடித்து, தமிழில் நான்கு வரி தட்டச்சு செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.