'போனால்' என்று சொன்னவர் யார்?

"காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்." இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். கோயில்கள் நிறைந்த ஊர், சோறு எப்படியும் கிடைத்துவிடும், சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பது ஒன்று. தறிக்குழியில் காலை ஆட்டி நெய்து பிழைக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஆனால் முதல் விளக்கத்தில் இருக்கும் கேலி இதிலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னை உறுத்துவது 'போனால்' என்ற சொல். காஞ்சிக்காரர் இப்படிச் சொல்ல மாட்டார், அவர் எங்கே போவது? சொன்னவர் வெளியூர். மாகறல் மாதிரி ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய கோயில், சுற்றிலும் வயல். இப்படியொரு ஊரில் சேற்றில் நின்று முதுகு ஒடிந்தவருக்கு, நிழலில் உட்கார்ந்து செய்யும் எந்த வேலையும் காலாட்டுகிற வேலையாகத்தான் தெரியும். (ஏசி அறையில் கணினி முன்னால் உட்காரும் எங்களைப் பற்றியும் ஊரில் இதைத்தான் சொல்கிறார்கள்.)

அதே உழவர் தன்னைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. அடுத்தவன் பிழைப்பு சுலபம், நம் பிழைப்பு மட்டும் நஷ்டம். மனுஷ சுபாவம் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது.

நெசவின் உள்ளே இருந்து பிறந்தது போலவும் ஒன்று உண்டு: நெய்கிறவனுக்கு ஏன் குரங்குக் குட்டி? சிக்கிய நூலைப் பிரித்துப் பிரித்து அலுத்தவர்தான் இப்படிக் கேட்டிருக்க முடியும்.

பழமொழிகளைத் தொகுத்தவர்கள் இந்தக் குரல்களைப் பிரித்து வைக்கவில்லை. முன்றுறை அரையனார் 'பழமொழி நானூறு' நூலில் வெண்பாவுக்கு ஒரு பழமொழி வைத்து, அதை அறமாக்கிவிட்டார். பெர்சிவல் பாதிரியார் 1842-ல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு அச்சிட்டார். பின்னாளில் சென்னையில் அது ஆறாயிரத்துக்கும் மேல் வளர்ந்தது. எல்லாம் அகர வரிசை, தேடுவதற்கு வசதி. 1897-ல் யென்சன் பொருள்வாரியாகப் பிரித்தார். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் முன்னது இன்டெக்ஸ், பின்னது டேக். சொன்னவர் யார் என்ற பத்தி இரண்டிலும் இல்லை.

அந்தப் பத்தி ஏன் வேண்டும் என்பதற்குத் தறியையே பார்க்கலாம். மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரியும், நடுவில் நாடா ஓடும், மறுபடி மிதி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை. கோர்வைப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடாக்கள், ஒவ்வொரு இழையிலும் இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதை ஒருவரால் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து மறுகரை நாடாவைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். வெகுகாலம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு பிள்ளை. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

காலை ஆட்டுவது நெசவாளர் மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு மிதி கிடையாது. கரை நாடாவை வாங்குவது, திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை.