கழித்துக் காட்டும் கண்ணாடி

நிறக்குருட்டுக்கான வண்ணக் கண்ணாடியின் கதை, இல்லாத ஒரு கண்ணாடியில் தொடங்குகிறது. அணுக் கொள்கையால் பெயர் பெற்ற ஜான் டால்டனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. தன் குறையைத் தானே ஆராய்ந்து, 1794இல் மான்செஸ்டரில் அறிஞர் கழகம் ஒன்றில் கட்டுரை வாசித்தார். விழிக்கோளத்தை நிரப்பும் திரவம் தனக்கு மட்டும் நீலமாக இருக்கிறது, அதுதான் சிவப்பை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. பிறவியிலேயே உள்ளே ஒரு நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டது என்று நம்பினார் என்றே சொல்லலாம்.

தான் செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கட்டும் என்றும் சொல்லிவைத்திருந்தார். 1844இல் அவர் இறந்ததும் மருத்துவர் ஜோசப் ரான்சம் அப்படியே செய்தார். ஒரு கண்ணின் திரவத்தை வடித்துப் பார்த்தார். இன்னொரு கண்ணின் பின்புறத்தைத் திறந்து, அதன் வழியே சிவப்பு, பச்சைப் பொருள்களைப் பார்த்தார். திரவத்தில் நீலம் இல்லை, நிறங்களும் மாறவில்லை. 1995இல், பத்திரப்படுத்திய அந்தக் கண்ணின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது: பச்சைப் பகுதி ஒளியை வாங்கும் கூம்பு செல்லின் நிறமிக்கான மரபணு டால்டனிடம் இல்லை. கோளாறு விழித்திரையில் இருந்தது.

விழித்திரையில் கூம்பு செல்கள் மூன்று வகை. நெட்டலைக்கானது சுமார் 560 நானோமீட்டரிலும் நடுஅலைக்கானது சுமார் 530இலும் உச்சத்தைத் தொடுகின்றன. இடைவெளி அவ்வளவுதான். இந்த இரண்டும் அனுப்பும் செய்திகளின் வித்தியாசத்தை வைத்தே மூளை சிவப்பு வேறு, பச்சை வேறு என்று பிரிக்கிறது. இரண்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண்களைத்தான் குறை அதிகம் பிடிக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் இது சுமார் 8 விழுக்காடு. பெண்களில் அரை விழுக்காடு. அந்த 8இல் ஏறக்குறைய 6 விழுக்காட்டினருக்கு மூன்று வகையும் உண்டு. ஒரு வகையின் உச்சம் மட்டும் இடம்பெயர்ந்து இன்னொன்றை ஒட்டி நிற்கும். மீதி 2 விழுக்காட்டினருக்கு ஒரு வகை அறவே இருக்காது. டால்டன் இந்த இரண்டாம் கூட்டம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கண்ணாடியின் மீதிக் கதை எளிது.

நிஜமான கண்ணாடி 1855இல் பிறந்தது. மின்காந்தவியலின் பிதாமகராகப் பின்னர் அறியப்பட்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெலுக்கு அப்போது 23 வயது. வண்ணக் காகிதங்களைச் செருகிய பம்பரத்தைச் சுழற்றி நிறப்பார்வையை அளந்துகொண்டிருந்தார். அவருடைய சோதனைக்கு வந்த நிறக்குருடர் ஒருவரிடம் சிவப்பில் ஒரு கண்ணாடித் துண்டும் பச்சையில் ஒன்றும் கொடுத்தார். எது சிவப்பு என்று அந்த மனிதருக்கு நிறத்தால் தெரியாது. துண்டின் வடிவத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். ஆனாலும் அவற்றின் வழியே மாறி மாறிப் பார்த்து, அதுவரை குழம்பிய நிறங்களைத் தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பழுத்த மிளகாய் பளிச்சென்று நிற்கும், இலை கருத்துப்போகும். பச்சைக் கண்ணாடியில் நேர்மாறு. நிறத்தின் வித்தியாசம் வெளிச்சத்தின் வித்தியாசமாகிவிடுகிறது.

மேக்ஸ்வெல் பிறகு ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்குப் பச்சையுமாக மூக்குக்கண்ணாடியே செய்வித்தார். அந்த மனிதருக்குச் சிவப்பு என்ற உணர்வு ஒருநாளும் வராது என்பதையும், பழகப் பழக எது சிவப்பு என்று கண்டுகொள்ளும் வேலை தன்னையறியாமல் நடக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார். இன்றைய விளம்பரங்களைவிட அந்தக் குறிப்பு நேர்மையானது.

அடுத்த பெரிய நிறுத்தம் 1971, அமெரிக்கா. ஹாரி ஸெல்ட்ஸர் என்ற கண் பரிசோதகர் மேக்ஸ்வெலின் யோசனையைச் சுருக்கி, ஒரே ஒரு கண்ணுக்குச் சிவப்பு கான்டாக்ட் லென்ஸாக்கினார். பெயர் எக்ஸ்-குரோம். இதைப் போட்டுக்கொண்டால், நிறக்குருட்டைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தின் புள்ளிக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் எண் வெளிச்ச வேறுபாட்டால் துருத்திக்கொண்டு தெரியும். தேர்வில் தேறிவிடலாம், பார்வை தேறாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு இந்த லென்ஸை ஏற்பதில்லை. அதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு கண் மட்டும் இருட்டினால் அதன் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போகும். நேர்கோட்டில் ஆடும் ஊசல், வளைந்து சுற்றி வருவதுபோல் தெரியும். 1922இல் இதை விளக்கியவர் கார்ல் புல்ஃப்ரிக். அவருக்கே ஒரு கண்ணில் பார்வை இல்லை. குறுக்கே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது தப்பாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் பிறவி தற்செயல். கலிபோர்னியாவில் டான் மெக்பெர்சன் என்ற கண்ணாடி விஞ்ஞானி, லேசர் அறுவை செய்யும் மருத்துவர்களின் கண்ணைக் காக்க அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடி செய்துவந்தார். அதைப் போட்டால் உலகமே பளபளவென்று தெரிகிறது என்று மருத்துவர்கள் வீட்டுக்கும் எடுத்துப்போனார்கள். அவரும் கூலிங் கிளாஸாக மாட்டிக்கொண்டார். 2005இல் ஒரு ஃபிரிஸ்பீ ஆட்டத்தின்போது நண்பர் ஒருவர் அதை வாங்கிப் போட்டுப் பார்த்து, புல்வெளியில் எல்லை காட்ட வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள் தெரிகின்றன என்று கூவினார். அவர் நிறக்குருடர். அதிலிருந்து 2010இல், நிறக்குருடர்களுக்கான கண்ணாடி செய்யும் என்குரோமா நிறுவனம் உருவாயிற்று.

இந்தக் கண்ணாடி இரு கண்ணுக்கும் ஒரே மாதிரி. இரண்டு கூம்பு செல்களின் வரம்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் மஞ்சள்-ஆரஞ்சுப் பகுதியில் ஒரு கீற்று ஒளியை மட்டும் அறுத்து எறிகிறது. எல்லை அழிந்த இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு போடுவது மாதிரி. மிஞ்சிய ஒளியில் இரு செல்களின் செய்திகளும் கொஞ்சம் விலகி நிற்கின்றன. ஆனால் வரப்பு போட இரண்டு வயல் வேண்டும். டால்டனைப்போல ஒரு வகை செல்லே இல்லாதவருக்கு எதைப் பிரிப்பது?

கண்ணாடியைப் போட்டதும் அழுகிறவர்களின் வீடியோக்கள் உலகைச் சுற்றின. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தார் 48 பேரை வைத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள்: நிறங்கள் வேறு மாதிரி தெரிகின்றன, இயல்பான நிறப்பார்வை வரவில்லை. 2020இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு இன்னொரு கோணத்தில் பார்த்தது. மூன்று வகை செல்லும் உள்ளவர்கள் சில நாள் தொடர்ந்து அணிந்த பின், கண்ணாடியைக் கழற்றிய நிலையிலும் அவர்களுக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு முன்பைவிட அழுத்தமாகத் தெரிந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் பழக்கத்தைப் பற்றி மேக்ஸ்வெல் சொன்னது வீண் பேச்சில்லை என்று காட்டியது.

மூன்று பிறவியிலும் இந்தக் கண்ணாடி ஒரு நிறத்தைக்கூடக் கூட்டித் தந்ததில்லை. ஒளியில் ஒரு பங்கைக் கழிக்கிறது, அவ்வளவே. அதனால்தான் ஒரு ஜோடி நிறங்களைப் பிரித்துக் காட்டும்போது வேறொரு ஜோடியைக் குழப்பிவிடும். இரவில் வண்டி ஓட்டும்போது தேவையான வெளிச்சத்தையும் தின்றுவிடும். வாங்க நினைக்கிறவர் முதலில் கண் மருத்துவரிடம் தன் குறை எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. முடிந்தால் சில நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். பூந்தோட்டத்துக்கும் ஓவியக் கண்காட்சிக்கும் நல்ல துணை. வேலைக்கான கண் பரிசோதனையில் மறைத்து அணிந்து போனால் அது மோசடி, ஆபத்தும்கூட.

இந்தியாவில் வேலையிலும் படிப்பிலும் கதவு திறந்தது வேறு வழியில். லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெற 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நிறக்குருடர்களைத் திரைப்படப் படிப்பிலிருந்து விலக்கக் கூடாது என்று 2022இல் புனே திரைப்படக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறக்குறையைக் காட்டி வேலை மறுக்கப்பட்ட ஒரு மின் பொறியாளரைப் பணியில் சேர்க்கும்படி 2023இல் தமிழ்நாட்டின் மின் நிறுவனமான டான்ஜெட்கோவுக்கும் உத்தரவிட்டது. இவை எதற்கும் யாரும் வண்ணக் கண்ணாடி மாட்ட வேண்டியிருக்கவில்லை.