வேம்புக்குப் பட்டா!

வத்தலக்குண்டு பக்கம் வேப்பமர நிழலுக்கு யாரும் வாடகை கேட்டதில்லை. ஆனால், வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சாணத்தை ஒழிக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள், அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பெனியும்!

'இது எங்க பாட்டி காலத்து சமாசாரமாச்சே' என்று 1995-ல் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2000-ல் ரத்து. கம்பெனி விடுமா? அப்பீல்! 2005 மார்ச் 8-ல் அதுவும் தள்ளுபடி.

அப்புறம்? அந்தக் காப்புரிமை பிறக்கவே இல்லை என்று சட்டம் கணக்கை முடித்தது. ஆனால், தீர்ப்பின் எல்லை ஐரோப்பாவோடு சரி. அமெரிக்காவில் வாங்கிய வேம்புக் காப்புரிமைகளை அது தொடவில்லை. அங்கே தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒன்றை ரத்து செய்யவே பத்து வருஷம்! இப்படிப்பட்ட வழக்குகளில் பட்ட பாடுதான், சித்த, ஆயுர்வேதக் குறிப்புகளை அயல்நாட்டு அதிகாரிகள் படிக்கும் மொழிகளில் தொகுக்கும் வேலையை 2001-ல் இந்தியாவைத் தொடங்க வைத்தது. பாட்டிக்குத் தெரிந்தால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்!