ஒரு மாநாடும் முப்பத்தொரு விசைகளும்

மாநாடு என்ற சொல்லைக் கேட்டாலே நம் தலைமுறைக்குப் பந்தல், பொன்னாடை, நீண்ட வரவேற்புரை, மதியச் சாப்பாடு, கடைசியில் வாசிக்கப்படும் தீர்மானங்கள் என்றுதான் நினைவு வரும். தீர்மானங்கள் அச்சாகி, பைண்டு ஆகி, அலமாரிக்குள் போய்விடும். அப்படிப் போகாமல், இன்றும் பலருடைய விரல் நுனியில் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு மாநாட்டு முடிவைப் பற்றி இன்று எழுதுகிறேன். 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த 'தமிழ் இணையம் 99' மாநாடு அது. பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் கணினியில் தமிழை எல்லோரும் எளிதாக எழுதவும் படிக்கவும் என்ன வழி என்பது.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் ஏதேதோ குறிகள் தெரியும். அந்த நாளிதழின் எழுத்துருவை இறக்கி, கணினியில் நிறுவினால்தான் செய்தி படிக்கலாம். அடுத்த பத்திரிகைக்கு வேறு எழுத்துரு. அமெரிக்காவில் இருக்கும் மகன் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால், அவன் வைத்திருக்கும் எழுத்துரு அப்பாவிடமும் இருக்க வேண்டும். காரணம் எளிது. 'க' என்ற எழுத்துக்குக் கணினிக்குள் என்ன எண் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்துக்கொண்டது. எந்த விசையை அழுத்தினால் 'க' வரும் என்பதிலும் அதே கதைதான்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற முயற்சி முதலில் கடல் கடந்த தமிழர்களிடமிருந்துதான் வந்தது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி முன்னின்று உழைக்க, 1997 மே மாதம் அங்கே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியிருந்தார். அடுத்த மாநாட்டைத் தமிழ்நாடு அரசே சென்னையில் நடத்தியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதை வழிநடத்தினார். முதல்வராக இருந்தவர் கலைஞர் கருணாநிதி. நா. கோவிந்தசாமி அதே 1999 மே மாதத்தில் காலமானார் என்பது இங்கே சொல்லியாக வேண்டிய துயரச் செய்தி.

விசைப்பலகை விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர் படித்தவன் நான். அந்த மெஷினை எங்களுக்குச் சாத்தியமாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 247 எழுத்துகளை ஒரு சிறிய இயந்திரத்துக்குள் அடக்கியது சாமானியமான வேலையா? அதற்காக அவர் நகரா விசை வைத்தார். 'க்' அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியை அடிப்போம். வண்டி நகராமல் நிற்கும். அதே இடத்தில் 'க' விழும். 'கொ' என்றால் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் கு, சு, மு என்று தனித்தனி அச்சுகள். இரும்புக்கும் மைநாடாவுக்கும் ஏற்ற அருமையான அமைப்பு. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புள்ளி எங்கே, கொம்பு எங்கே என்பதை அது தானே பார்த்துக்கொள்ளும்.

மாநாட்டில் உருப்பெற்ற 'தமிழ் 99' விசைப்பலகை இந்த இடத்தில்தான் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மொத்தம் 31 விசைகள். அவ்வளவுதான். ஷிஃப்டை அழுத்தாமலேயே 247 எழுத்துகளும் வரும். ஷிஃப்ட் தேவைப்படுவது ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். விரல்கள் இயல்பாக உட்காரும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, எ என்ற குறில்கள். அவற்றின் நெடில்கள் நேர் மேலே. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. வலக்கை மெய்யைக் கொடுக்க, இடக்கை உயிரைக் கொடுக்க, உயிர்மெய் பிறக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே இலக்கணம்.

புள்ளி விஷயம் இன்னும் அழகு. தமிழில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெற்றதாகத்தான் இருக்கும். எனவே ம, ம என்று இரண்டு முறை அடித்தால் முதல் 'ம' தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ, நான்கே தட்டல்கள். 'ங' வுக்குப் பின் 'க' வந்தால் அங்கேயும் புள்ளி தானாக விழும். 'தங்கம்' எழுத மெஷினில் ஆறு தட்டல்; இதில் ஐந்து. ஒரு சொல்லில் ஒன்று குறைவது அற்பமாகத் தெரியலாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற குமாஸ்தாவின் விரலைக் கேட்டால் அருமை புரியும்.

ஒரு கருவியை மனிதனுக்கு ஏற்ப வடிவமைப்பது என்பதே ஒரு தனித் துறை. அதற்கும் ஒரு மாநாடுதான் பிறந்த வீடு. 1982 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில், கணினியைப் பயன்படுத்தும் மனிதரைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். எதிர்பார்ப்பை மீறிச் சுமார் 900 பேர் வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டு முதல் அது தொடர் மாநாடாகிவிட்டது. அந்தத் துறையில் பின்னாளில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன் என்பவர் சொன்ன வழி மிகவும் எளியது. ஓர் இணையப் பக்கம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? சாதாரண ஆட்கள் ஐந்து பேரை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்து பாருங்கள். எங்கே திணறுகிறார்களோ அங்கேதான் கோளாறு. நிபுணர் சொல்வதைவிட, தடுமாறும் விரல் அதிகம் சொல்லிவிடும் என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கண்ணோடு நம் சென்னை மாநாட்டின் பலனைப் பார்க்கலாம். 1999 ஜூனில் அரசாணை வந்தது. எழுத்துக் குறியீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாக, 'டாம்', 'டாப்' என்று தரம் வகுத்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் 'டிஸ்கி' என்ற வேறொன்றைப் பயன்படுத்தினார்கள். கடைசியில் இவை அனைத்தையும் யூனிகோடு விழுங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், யூனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டும் வசதி விண்டோஸில் 2000 பதிப்பில்தான் வந்தது. 2010 இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது. சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 இல் தொடங்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக ஆயிரக்கணக்கான நூல்களை நமக்கு இலவசமாகத் தருகிறது.

விசைப்பலகை? அது நிலைத்துவிட்டது. ஐபோனில் கூட 'தமிழ் 99' இருக்கிறது. ஆனால் என்னைச் சுற்றிப் பார்க்கிறேன். டி.டி.பி. கடைக்காரர் பழைய டைப்ரைட்டர் அமைப்பை விடவில்லை. பேரன் பேத்திகள் ஆங்கில எழுத்தில் 'அம்மா'வை அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் போனிடம் வாயால் சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு நல்ல அமைப்பு ஏன் வீடு வீடாகப் போகவில்லை?

என் அபிப்பிராயம் இது. மாநாடு வடிவத்தைக் கொடுத்தது. கையைப் பழக்க யாரும் வரவில்லை. நாங்கள் மெஷின் கற்றது அரசாணையைப் படித்தா? தெருவுக்குத் தெரு இன்ஸ்டிடியூட் இருந்தது, வாத்தியார் இருந்தார், பரீட்சை இருந்தது, சர்டிஃபிகேட் இருந்தால் வேலை கிடைத்தது. 1999 க்குப் பிறகும் தட்டச்சுப் பரீட்சைகள் பழைய மெஷினிலேயே நடந்தன. பள்ளிக்கூடத்துக் கணினி வகுப்பில் பிள்ளைகள் ஆங்கில விசைகளோடு பழகினார்கள். முதலில் எதில் விரல் பழகுகிறதோ, அதை விட்டு அது லேசில் நகராது. இரண்டு நாள் மாநாட்டில் அறிஞர்கள் உழைத்த உழைப்புக்கு, இருபது வருடம் வாத்தியார்கள் உழைத்திருக்க வேண்டும்.

இப்போதும் காலம் போய்விடவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு உயிரும் மெய்யும் தெரியும். இந்த விசைப்பலகைக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டாம். வீட்டில் கணினி இருந்தால் விசைகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டி, தினம் அரை மணி நேரம், பதினைந்து நாள் பழகிப் பாருங்கள். முதல் நாள் 'அம்மா' எழுதுங்கள். அடுத்து உங்கள் ஊர்ப் பெயர். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.