தோற்கன்று

மணப்பாறைச் சந்தையில் கறவை மாடு வாங்க வருகிறவர்கள் மடியைப் பார்ப்பதற்கு முன் கன்று எங்கே என்றுதான் கேட்பார்கள். கன்று இல்லாவிட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். கன்று செத்துப்போனால்? நம்மவர்கள் அதற்கும் வழி கண்டிருந்தார்கள். அதன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, தாயின் முன் நிறுத்துவார்கள்.

என் சிறுவயதில் எங்கள் கொட்டிலிலும் ஒன்று நின்றது. வயிறு பிதுங்கி, முதுகெல்லாம் சுருக்கம். கண்ணிருந்த இடத்தில் வைக்கோல். லட்சுமி அதை நக்கி நக்கிப் பால் சுரந்தாள். நான் இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குடித்துவிட்டேன்.

ஐரோப்பியரும் ஒரு காலத்தில் மிருகங்களை இப்படி அடைத்தே பாடம் பண்ணினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான கார்ல் ஏக்லி போன்றவர்கள் முறையையே மாற்றினார்கள். முதலில் அளவெடுத்து உடலைச் செய்வது. பிறகு தோலைச் சட்டை போல் அணிவிப்பது. மைசூரில் 1900-ம் ஆண்டுவாக்கில் தொடங்கிய வான் இங்கன் கம்பெனி காகிதக்கூழ் உருவங்களின் மேல் புலிகளையும் சிறுத்தைகளையும் ஆயிரக்கணக்கில் நிறுத்தியது.

இதில் கஷ்டமெல்லாம் தோலைப் பொருத்துவதில்தான். உட்புறத்துச் சதையைச் சுரண்டி மெல்லிதாக்க வேண்டும். உருவத்தின் மேல் பசை தடவி, ஈரத் தோலைப் போர்த்தி, முதுகிலிருந்து வயிற்றை நோக்கிக் கையால் நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணோரத்தையும் உதட்டையும் உள்ளே மடித்து, காயும்வரை ஊசி குத்தி வைக்க வேண்டும். உருவம் சிறிதானால் அக்குளில் சுருக்கம். பெரிதானால், தோல் காய்ந்து இறுகும்போது தையல் பிளந்துகொள்ளும். துணிக்கேற்ற சட்டை தைப்பது சுலபம். சட்டைக்கேற்ற உடம்பைச் செய்வது வேறு வித்தை அல்லவா?

மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலி, சுவரில் சீறிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. சாகும்போது அது சீறியதோ, தூங்கியதோ! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் புலித்தோல் வருவது நின்றது. 1990-களின் இறுதியில் கம்பெனியும் மூடிவிட்டது.

ஏமாற வேண்டியவை மனிதக் கண்கள். அதனால் ஒரு சுருக்கமும் கூடாது. லட்சுமிக்கு மணம் போதும். அது குறையக் குறைய, பாட்டி தோலின் மேல் உப்புத் தண்ணீர் தெளிப்பாள். வேலை முடிந்ததும் கன்றைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவாள். லட்சுமி பரணைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பாள்.