அடிமையின் நாடகமும் ஆதெல்ரிக்கின் சித்திரமும்

ரோமாபுரியின் பெருமை பேசுவோர் படைத்தலைவர்களையும் சக்கரவர்த்திகளையுமே எடுத்தோதுவர். அந்நகர மாந்தரைச் சிரிக்கவைத்தவர் யாவரென வினவுவோர் சிலரே. அவ்வாறு சிரிக்கவைத்தவருள் ஒருவர் அடிமையாக வாழ்ந்தவர். அவர் பெயர் தெரென்ஸ்.

அவர் ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரிற் பிறந்தவரென்றும், தெரென்தியஸ் லூக்கானஸ் என்னும் ஆட்சிமன்றப் பிரபுவுக்கு அடிமையாயிருந்தவரென்றும், அறிவின் கூர்மை கண்டு அப்பிரபு அவருக்குக் கல்வி புகட்டி விடுதலையளித்தாரென்றும் சுவெத்தோனியஸ் என்னும் பழைய ஆசிரியர் எழுதியுள்ளார். விடுதலை பெற்றோர் எஜமானன் பெயரைத் தாங்குதல் அந்நாட்டு வழக்கு. ஆதலின் உலகம் இன்றளவும் அவரை ஆண்டையின் பெயராலேயே அழைக்கின்றது. தாய் இட்ட பெயர் யாதென்பதை எவரும் அறியார்!

கி.மு. 166 முதல் 160 வரை அவருடைய நாடகங்கள் ஆறு அரங்கேறின. அவற்றுளொன்று 8,000 செஸ்தர்ஸ் நாணயம் ஈட்டியது; அதற்குமுன் எந்த நகைச்சுவை நாடகமும் அத்துணை ஊதியம் பெற்றதில்லை. உடனே, அவருடைய பிரபு நண்பர்களே எழுதிக் கொடுக்கின்றனர் என்றொரு வதந்தி கிளம்பிற்று. அடிமையாயிருந்தவனுக்கு இத்துணை இனிய லத்தீன் எங்ஙனம் வாய்க்கும் என்பதே அதன் உட்கிடை என்பது எம் கருத்து.

நிற்க. சித்திரங்களுக்கு வருவோம். நாடகக் காட்சிகளைத் தீட்டுதல் அந்நாட்டில் பழைய வழக்கம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பொம்பெயி நகரில், வீட்டுச் சுவர்களிலேயே அத்தகைய ஓவியங்கள் கிடைத்துள்ளன. ஒன்றில் இளைஞனும் மங்கையும் ஒருபால் நிற்க, முகமூடியணிந்த அடிமை எதிர்நின்று கையை நீட்டிப் பேசுகின்றான். எந்த நாடகமென்று அறியக்கூடவில்லை.

தெரென்ஸின் நாடகங்களுக்கோ அக்குறை இல்லை. வத்திக்கான் நூலகத்தில் 3868 என்னும் எண்ணுடைய லத்தீன் தோலேடு ஒன்றுண்டு. கி.பி. 825-ஐ ஒட்டி எழுதப்பெற்ற அதில் ஏறத்தாழ 150 சித்திரங்கள் காணப்படுகின்றன. ஒவ்வொரு நாடகத்தின் முகப்பிலும் வேண்டிய முகமூடிகள் அலமாரித் தட்டுகளில் அடுக்கப்பட்டுள்ளன. பின்பு, காட்சிதோறும் அதற்குரிய படம்; பாத்திரங்களின் தலைக்குமேல் அவரவர் பெயர். பின்னணி பெரும்பாலும் இல்லை; எங்கேனும் ஒரு வாயில், அவ்வளவே. விரிந்த வாயும் விறைத்த விழியுமுடைய முகமூடியால் உணர்ச்சி காட்டவியலாதாகையால், கைவிரல்களே பேசுகின்றன. அடிமையை அவனுடைய குட்டையாடையும், தோளிற் கிடக்கும் துண்டும், விரைந்த நடையும் காட்டிக்கொடுக்கின்றன.

'ஆந்திரியா' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கிழவன் சீமோ, தன் மகனின் காதலுக்குத் துணைநிற்கும் அடிமை தாவுஸை நோக்கி, சூழ்ச்சி செய்தால் சவுக்கடி கொடுத்து மாவரைக்கும் ஆலைக்கு அனுப்புவேன் என மிரட்டுகின்றான். இறுதியில் அவனைக் கட்டிவைக்கவும் செய்கின்றான். அவையோர் நகைத்திருப்பர். ஆயினும் சவுக்கும் ஆலையும் இன்னவென்பதை அடிமை வீட்டில் வளர்ந்த ஆசிரியர் அறியாதவரல்லர். அந்நாடகங்களுக்கு இசையமைத்த பிளாக்கஸும் ஓர் அடிமையே.

வத்திக்கான் ஏட்டைத் தீட்டிய ஓவியர் முகமூடி நாடகத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். அக்காலத்தில் அத்தகைய அரங்கம் எங்குமில்லை. ஏறத்தாழ கி.பி. 400-இல் தோன்றி, இன்று அழிந்துபோன மூல ஏடொன்றைப் பார்த்தே அவர் வரைந்தார். ஆடை மடிப்பும் விரலசைவும் பிறழாது அதனைப் பின்பற்றியிருக்கின்றார். ஏட்டை எழுதியவர், ரோத்கார், இறுதியில் தம் பெயரை வெளிப்படையாகப் பொறித்தார். ஓவியரோ முதல் நாடகத்தின் முகமூடி அலமாரிச் சித்திரத்துள், கூர்ந்து நோக்குவார்க்கே புலப்படும் நுண்ணெழுத்தில், இதனைச் செய்தவன் ஆதெல்ரிக் எனத் தம் பெயரை ஒளித்துவைத்தார்.