பிறர் பிழையால் நேரும் வாகன விபத்து: செமிலிங் வட்டாரத்தில் காப்புறுதியும் சிகிச்சையும்

தம் பக்கம் பிழையேதுமின்றி, எதிரே வந்தவரின் அலட்சியத்தால் வாகன விபத்துக்குள்ளான ஒருவர், தம் உடலுக்கும் வாகனத்துக்கும் வருமானத்துக்கும் நேர்ந்த நஷ்டத்தை மீட்டுக்கொள்வதற்கான வழிகள் மலேசியாவில் ஒரே இடத்தில் இல்லை. போலீஸ் விசாரணை, வாகனக் காப்புறுதி, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், செஷன்ஸ் நீதிமன்றம் என அவை நான்கு வாசல்களில் பிரிந்து கிடக்கின்றன. இவற்றுள் எதுவும் நிரபராதியைத் தானாகத் தேடி வருவதில்லை. பிழை தம்முடையதன்று என்பதைத் தக்க காலத்தில், தக்க ஆவணத்தால் நிரூபிக்கும் பாரம் அடிபட்டவர் மீதே விழுகிறது. அடிபட்டுப் படுத்திருக்கும் வேளையிலேயே அது விழுகிறது என்பதுதான் இவ்வேற்பாட்டின் பெருங்குறை.

செமிலிங், கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குச் செல்லும் பாதையில், ஜெராய் மலையின் தெற்கே அமைந்த சிற்றூர். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபின், லயன் வீடுகளில் நடை தூரத்தில் வேலைக்குச் சென்ற குடும்பங்கள் தாமான்களில் குடியேறி, சுங்கைப் பட்டாணியின் பக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கும் அதற்கு அப்பாலும் மோட்டார் சைக்கிளில் போய்வரலாயின. செமிலிங்கில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், பூஜாங் பள்ளத்தாக்கின் புராதனக் கோயில்களைக் காண வரும் யாத்திரிகர்களும், குலை ஏற்றிய லாரிகளும் இதே குறுகிய சாலையைப் பகிர்ந்துகொள்ளுகின்றனர். தோட்டத்துச் செம்மண் பாதைகள் இருபுறமும் தார்ச்சாலையில் வந்து சேருவதால், அச்சந்திகளில் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியே பல வழக்குகளின் மூலமாக அமைகிறது.

போலீஸ் புகார்

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் இயன்ற விரைவிலும், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும், அண்மையிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யக் கடமைப்பட்டவர். பிழை செய்தவருக்கு மட்டுமே உரிய கடமை இது என்று எண்ணி, ‘நம் மேல் தப்பில்லையே’ என்று வாளாவிருந்துவிடுவோர் இவ்வட்டாரத்தில் இன்னும் உண்டு. சாலையோரத்திலேயே நானூறு, ஐந்நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு சமாதானமாகிப் போனவருக்கு மூன்றாம் நாள் கழுத்து திரும்பாமற்போனால், அவர் கையில் யாதொரு பத்திரமும் இருப்பதில்லை.

புகாரின் வாசகம் மிகுந்த கவனத்துக்குரியது. வீட்டில் தமிழ் பேசும் ஒருவர், வலியோடும் பதற்றத்தோடும் முகப்பில் நின்று, மலாயில் சொல்லிப் பதிவாகும் ஏழெட்டு வரிகள்தாம் பின்னர் காப்புறுதி அதிகாரியும் வழக்கறிஞரும் நீதிபதியும் முதலில் புரட்டும் சாட்சியம். உதாரணமாக, பீடோங்கிலிருந்து செமிலிங் நோக்கி நேர்ச்சாலையில் வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர், செம்பனைத் தோட்டப் பாதையிலிருந்து நில்லாமல் வெளிவந்த காரில் மோதினார் எனக் கொள்வோம். ‘கார் திடீரென இடப்புறப் பாதையிலிருந்து என் வழியில் நுழைந்தது, நான் பிரேக் பிடித்தும் தவிர்க்க இயலவில்லை’ என்பது ஒரு வாக்குமூலம். ‘எனக்குப் பிரேக் பிடிக்க நேரமில்லை, காரின் பக்கவாட்டில் மோதிவிட்டேன்’ என்பது மற்றொன்று. நடந்தது ஒன்றேயாயினும், இரண்டாவது வாசகம் கவனக் குறைவை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படலாம். கையொப்பமிடுமுன் புகாரை வாசித்துக் காட்டச் சொல்வதும், மலாய் சரளமாக வராதவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும் அத்தியாவசியம். உடம்பின் சிறு நோவுகளையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். புகாரில் இல்லாத முழங்கால், பின்னர் வழக்கில் நுழைவது கடினம்.

விசாரணை அதிகாரி இடத்தைப் பார்வையிட்டு வரைபடமும் புகைப்படங்களும் தயாரிக்கிறார். பிழை செய்தவராகக் கருதப்படும் ஓட்டுநருக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிப்பது வழக்கம். அந்த முடிவு காப்புறுதி நிறுவனங்களிடையே கனம் உடையது. ஆனால் சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதன்று. நீதிபதி இருதரப்புச் சாட்சியத்தையும் தாமே ஆராய்ந்து, பிழையை எழுபதுக்கு முப்பது என்பது போலப் பங்கிட்டு விதிக்கவும் கூடும். அதற்கு 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 12-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆதலால் சாலையில் நின்று பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், பின்னால் வந்த காரின் கேமராப் பதிவும், அன்றைக்கே தேடிக்கொள்ள வேண்டியவை.

சிகிச்சையும் மருத்துவப் பதிவும்

விபத்தன்று எழுந்து நடக்க முடிந்தது என்பது உடம்பு பழுதடையவில்லை என்பதற்குப் பிரமாணமாகாது. அதிர்ச்சியின் வேகத்தில் வலி மறைந்திருந்து, கழுத்துப் பிடிப்பு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைகாட்டுவது சகஜம்; வயிற்றில் அடிபட்டவர்க்கு மண்ணீரலிலிருந்து இரத்தம் மெல்லக் கசிந்து சில மணி நேரம் கழித்தே மயக்கம் வருவதுண்டு; முதியவர்களுக்கு மண்டையோட்டின் உட்புறம் இரத்தம் சிறுகச் சிறுகத் தேங்கி, சில வாரங்களுக்குப் பிறகு தடுமாற்றமாகவும் மறதியாகவும் வெளிப்படுவதுண்டு. ஓயாத வாந்தி, வலுக்கும் தலைவலி, தூக்கக் கலக்கம், கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதமின்றி அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் சிறு சிராய்ப்பும் சிறு காரியமல்ல.

செமிலிங் மக்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசாங்க மருத்துவமனை சுங்கைப் பட்டாணியிலுள்ள சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை. அங்குக் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் அற்பமானது. தனியார் மருத்துவமனையை நாடியவர் பின்னர் அச்செலவை முழுமையாகக் கோரும்போது, அரசாங்க மருத்துவமனையில் அதே சிகிச்சை கிட்டாதா, காத்திருக்க இயலாத நிலை இருந்ததா என்று நீதிமன்றம் வினவும். தக்க காரணம் காட்டாதவர்க்கு ஒரு பகுதியே அனுமதிக்கப்படுவதுண்டு.

இவ்விடத்தில் நம்மவரிடையே நிலவும் ஒரு பழக்கத்தைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. எலும்பு முறிந்து வார்டில் சேர்க்கப்பட்டவரை, அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி, உறவினர் கூடி, ‘ஏ.ஓ.ஆர்.’ என்று வழங்கும் சொந்தப் பொறுப்புப் படிவத்தில் கையொப்பமிடச் செய்து, எண்ணெய் போட்டு நீவுபவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அன்போடு செய்யும் காரியமே அது. ஆயினும் கோணலாகச் சேர்ந்த எலும்பு ஆயுள் முழுவதும் நொண்ட வைக்கும். அதற்குமேல், காயத்தைக் குறைக்க முயலாதவர் என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்கு அந்த ஒற்றைக் காகிதம் வழங்கிவிடுகிறது. சிகிச்சையின் தொடர்ச்சி அறுபடாமல் இருப்பதே உடலுக்கும் வழக்குக்கும் ஒருங்கே நன்மை பயப்பது. மறுசந்திப்புச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சான்று, மருந்து ரசீது, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைத்தவர்க்கு, பிற்பாடு நிபுணர் அறிக்கை பெறுவது எளிது. எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனம் தன் சார்பில் வேறொரு நிபுணரைக் கொண்டு அவரைப் பரிசோதிக்கக் கோருவதும் முறைப்படியானதே. அதற்கு அஞ்சத் தேவையில்லை.

காப்புறுதியின் எல்லை

வாகனம் ஒவ்வொன்றும் மூன்றாம் நபருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி பெற்றிருக்க வேண்டுமென்பது, பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி இங்கும் வேரூன்றிய நியதி. இன்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90, 91-ஆம் பிரிவுகள் அதை விதிக்கின்றன. உடைந்த வாகனத்துக்கு ஈடு தருவது இந்தக் கட்டாயத்தில் அடங்காது. அது பாலிசியின் வாசகத்தால் வருவது. சொந்தக் காரில் ஏற்றிச் செல்லும் உறவினருக்கு ஓட்டுநரின் பிழையால் காயம் நேர்ந்தால், அதற்குத் தனியே சேர்ப்பு வாங்கியிராவிடில் சாதாரணப் பாலிசி துணை நிற்பதில்லை. பிழை எதிர்க்காருடையதாயின், அதே உறவினர் அக்காரின் காப்புறுதிக்கு மூன்றாம் நபராகி முழு உரிமை பெறுகிறார். திருவிழாவுக்கு ஒரே வண்டியில் குடும்பமாகச் செல்வோர் இந்த வேற்றுமையை அறிந்திருத்தல் நலம்.

வாகனப் பழுதைப் பொறுத்தவரை, இரு வாகனங்களும் முழுக் காப்புறுதி பெற்றிருப்பின், பிழையற்றவர் தம் நிறுவனத்திடமே கோரி, கோரிக்கை வைக்காதவர்க்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தரப்படும் என்.சி.டி. எனும் கழிவை இழக்காமல் பழுது பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தனியார் காருக்கு 25 சதவீதத்தில் தொடங்கி 55 வரை ஏறும் அக்கழிவைக் காத்துக்கொள்வது சிறு காரியமன்று. வண்டி பட்டறையில் நின்ற நாட்களுக்குரிய ஈட்டை மாத்திரம் எதிர்த்தரப்பு நிறுவனத்திடமே கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர், மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்தி, பழுதின் தொகையை நிர்ணயித்து, எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு நேரே கோரிக்கை அனுப்ப வேண்டியவராகிறார்.

சொக்சோ

1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடைப்பட்ட பயணத்தில் நேரும் விபத்தையும் தொழில் விபத்தாகவே ஏற்கிறது. உணவு இடைவேளைப் பயணமும் அதில் அடங்கும். வழிமாறிச் சென்றிருந்தால் அவ்வுரிமை சிக்கலாகும். பக்கார் ஆராங்கிலிருந்து வேலை முடிந்து நேரே செமிலிங் திரும்பியவருக்கும், இடையில் வேறு ஊருக்குத் திரும்பிச் சென்றவருக்கும் இதில் மிகுந்த பேதம் உண்டு. மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாட்களாயின், தினசரி ஊதியக் கணிப்பில் 80 சதவீதம் தற்காலிக இயலாமைப் பயனாகக் கிடைக்கும். சொக்சோவிடம் பெற்றால் நீதிமன்றத்தில் கோர முடியாது என்று பட்டறைகளிலும் காப்பிக் கடைகளிலும் சொல்லப்படுவது தவறு. சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு, இத்தகைய பயன்களையும் சொந்தக் காப்புறுதித் தொகையையும் நஷ்ட ஈட்டிலிருந்து கழிக்கக் கூடாதென்று தெளிவாகவே விதிக்கிறது.

நஷ்ட ஈட்டின் கணக்கு

வலிக்கும் வாழ்வின் சுகக்குறைவுக்குமான தொகையை நீதிமன்றம் முன் தீர்ப்புகளையும், வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலையும் ஒட்டி நிர்ணயிக்கிறது. எதிர்கால வருமான இழப்புக்கோ சட்டமே சூத்திரம் தருகிறது: 30 வயதுக்கு உட்பட்டவர்க்கு 16 ஆண்டு, அதற்கு மேற்பட்டு 59 வரை உள்ளவர்க்கு, 60-இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்கிய எண். 36 வயதுத் தொழிலாளிக்கு 12 ஆண்டு. 2019 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்கு முன் எல்லை 55-ஆக இருந்தது. அந்தத் திருத்தத்தால் மரண துக்கத்துக்கான தொகையும் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000-ஆக உயர்ந்தது.

ஆனால் காயத்துக்கு முன் தம் உழைப்பால் வருமானம் ஈட்டியிருந்தவர்க்கே இச்சூத்திரம் பொருந்தும். மூன்று வேளை சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, முதிய மாமியாரைக் குளிப்பாட்டிய தாயின் கை முறிந்தால், அவ்வுழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லாமையால் இந்தத் தலைப்பில் அவருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் இல்லத்தரசியின் உழைப்புக்குக் கற்பித வருமானம் கணிப்பதை வலியுறுத்தியது. நியூசிலாந்து 1974 முதலே பிழை யாருடையது என்ற வினாவையே விலக்கி, காயமுற்ற எவர்க்கும் அரசு நிதியிலிருந்து உதவுகிறது. மலேசியச் சட்டமும் திருந்த வேண்டிய இடம் இது.

காலமும் கையொப்பமும்

காயத்துக்கான வழக்கை 6 ஆண்டுக்குள்ளும், மரணத்தால் ஆதரவிழந்த குடும்பத்தின் வழக்கை 3 ஆண்டுக்குள்ளும் தொடுத்தாக வேண்டும். அரசாங்க வாகனம் பிழை செய்திருந்தால் 36 மாதம். முதலிற் சொன்ன 6 ஆண்டுக் கெடு, சிறாருக்கு 18 வயது நிறைந்த பின்னரே ஓடத் தொடங்கும்; எனினும் சாட்சிகள் காத்திருப்பதில்லை. வழக்குத் தொடுக்கு முன்போ, தொடுத்த 7 நாட்களுக்குள்ளோ எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பாவிடில், பின்னர் தீர்ப்புத் தொகையை அந்நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமை நழுவிவிடும். வாகன விபத்து வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது.

மருத்துவமனை வார்டு வாசலிலேயே வந்து நின்று, வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்கும் தரகர்களை அணுகவிடக் கூடாது. வென்ற தொகையில் இத்தனை சதவீதம் வழக்கறிஞருக்கு என்ற ஒப்பந்தத்தை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. காப்புறுதி நிறுவனம் அனுப்பும் தீர்வுப் பத்திரத்தில் ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ என்ற சொற்கள் இருப்பின், அவை வாகனப் பழுதுக்கு மட்டுமா, உடற்காயத்துக்கும் சேர்த்தா என்று கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பின்னரே பேனாவை எடுக்க வேண்டும். எலும்பு கூடுமா, இரும்புத் தகடு எடுக்கப்படுமா என்று மருத்துவரே உறுதி சொல்லாத நிலையில் உடலின் கணக்கை முடித்துக்கொள்வது பெருநஷ்டத்துக்கு ஏது.

காப்புறுதியற்ற வாகனம் மோதிய இடத்திலும் வாசல் முற்றிலும் அடைபட்டதன்று. 1968-இல் போக்குவரத்து அமைச்சருடன் செய்த ஒப்பந்தத்தின் கீழ், மேற்கு மலேசிய வாகனக் காப்புறுதியாளர் பணியகம், வசூலாகாத தீர்ப்புகளை ஏற்று உதவுகிறது. மோதிவிட்டு ஓடிய, அடையாளம் காணப்படாத வாகனத்தால் காயமுற்றவர்க்குக் கருணை அடிப்படையில் தொகை வழங்குவதைப் பரிசீலிக்கிறது. அப்பணியகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போதும், விபத்துப் புகாரின் பிரதியும் மருத்துவ அறிக்கையுமே இணைக்க வேண்டிய முதற் பத்திரங்கள்.